கை சொன்ன சூடு

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து என் வயிற்றில் பிறந்தவை. இரண்டு, என் தங்கை அற்பாயுசில் போனபோது விட்டுவிட்டுப் போனவை. ஏழுக்கும் தண்ணீர் ஊற்றியது நான்தான். அதற்கப்புறம் பேரன் பேத்திகள், எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் என்று எத்தனை பேர் என் கால்மேல் கிடந்து அழுதார்களோ, நான் எண்ணி வைக்கவில்லை.

படிப்பு எனக்கு அவ்வளவு இல்லை. பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், என் பேரை எழுதுவேன், அதோடு சரி. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். மூத்த மகனின் பெண். "ஆயா, நீ பேசற மாரியே எழுதனா படிக்கறவங்களுக்கு ஓடாது, நான் புத்தகத்துல வர்ற மாரி எழுதிக்கறேன்" என்றாள். எழுதட்டும். ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் பேசியதும் இதில் வரும். அதையும் அவள் கையாலேயே எழுத வேண்டும்.

குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் சும்மா குளிப்பாட்டுவது இல்லை. காலை நீட்டி உட்கார வேண்டும். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் ஒட்டி இருக்க வேண்டும், நடுவில் குழந்தை படுக்க ஒரு பள்ளம் வரும். முதலில் குப்புறப் போட்டு முதுகு, பிறகு மல்லாக்கப் போட்டு நெஞ்சு. எண்ணெய், பயத்தமாவு, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை உள்ளங்கையால் வழித்து விடுவது, கை காலை மாற்றிப் பின்னி இழுத்துவிடுவது, கடைசிச் செம்புத் தண்ணீரைத் தலையைச் சுற்றிக் கொட்டுவது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். தண்ணீர் விளாவுவதுதான் அப்படி இல்லை. வெந்நீர் எவ்வளவு, பச்சைத்தண்ணீர் எவ்வளவு என்று அளவு சொல்ல முடியாது. மழைக்காலத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. சதை பிடித்த குழந்தைக்கு ஒன்று, எலும்பும் தோலுமாகப் பிறந்ததற்கு ஒன்று. வலது கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். வலது கைதான். குழந்தைத் தண்ணீரில் இடது கையை விடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. இடது கை எதற்கான கை என்று எல்லோருக்கும் தெரியும்.

தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுக்காரியும் தண்ணீர் ஊற்றுவாள். நகரி பக்கத்திலிருந்து வாழ வந்தவள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். ஆனால் நான் வர முடியாதபோதுதான் அவளைக் கூப்பிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லையென்று சொல்லமாட்டேன்.

இதை எழுதுகிற பேத்தி உண்டானது தெரிந்த புதிதில் அவள் சென்னையில் புருஷன் வீட்டில் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் எனக்கு அக்கி வந்தது. வலது கழுத்தோரத்தில் ஆரம்பித்து, தோளில் இறங்கி, கையின் வெளிப்பக்கமாகவே கட்டை விரல்வரை கொப்புளம் கொப்புளமாக ஒரு வரிசை. கொப்புளம் வருவதற்கு முன்னாடியே எரிச்சல் வந்துவிட்டது. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் விட்டதுபோல எரிந்தது. இங்கே அக்கி வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பானை செய்கிற வீட்டுப் பெரியவரிடம் போவோம். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றிக் கோடு போட்டு, சிங்கம் எழுதினார். அக்கி சிங்கத்தைத் தாண்டாது என்பார்கள். தாண்டவில்லைதான். கொப்புளம் வற்றியது, பொருக்கு உதிர்ந்தது, கொஞ்ச நாளில் கையில் இலேசான வடு தவிர ஒன்றுமில்லை. நான் எங்கள் ஊர் முருகன் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆறிவிட்டது என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள்.

ஆனால் எரிச்சல் போகவில்லை. ரவிக்கைக் கை உரசினால் சுருக்கென்றது. முந்தானை பட்டால் முள் இழுத்தது. காற்றாடிக் காற்று பட்டாலும் பிடிக்கவில்லை. மூத்த மருமகளிடம், பேத்தியின் அம்மாவிடம், சொன்னேன்.

"எல்லாம் ஆறிப் போச்சே அத்த. கை பளபளன்னு கீது பாருங்க."

"பளபளன்னு கீதுன்னா வலிக்காதா?"

"அதுக்கில்ல அத்த. வயசாயிடுச்சி இல்ல, அப்படித்தான் இருக்கும்."

அப்புறம் நான் சொல்லவில்லை. சொல்லி நம்பாதவர்களிடம் இரண்டாம் முறை சொல்வது என் வழக்கம் இல்லை. இன்னொன்றும் நடந்தது, அதை அப்போது நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மருமகள் காப்பி கொண்டு வந்து கொடுப்பாள். டம்ளரைப் பிடித்தால் கை சுடும். வாயில் வைத்தால் ஆறிப்போயிருக்கும்.

"ஆறிப்போன காப்பிய, டம்ளர மட்டும் சுட வெச்சி அதுல ஊத்திக் குடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஆங், எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். இரண்டு பேரும் சிரித்தோம். என் கை அப்போதே எனக்குச் சொல்லாமல் என்னை விட்டுப் போயிருந்தது.

ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பேத்தியை அழைத்து வந்தோம். பெண் குழந்தை பிறந்தது. சிவப்பாக, தலை நிறைய முடியோடு. தொப்புள்கொடி விழுந்து, தண்ணீர் ஊற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, நல்ல நாள் பார்த்து நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். மருமகள் வெந்நீர்க் குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். நான் வாளியில் விளாவினேன். கையை விட்டேன். சுரீர் என்றது.

"ஏம்மா, பச்ச புள்ளைக்கு இப்படியா கொதிக்கக் கொதிக்க கொண்டாருவ?"

"ஆவி கூட வரலையே அத்த."

"ஆவி வந்தாதான் சூடா? கொண்டா பச்சத்தண்ணிய."

ஒரு செம்பு விட்டேன், இன்னும் ஒரு செம்பு விட்டேன். கை சும்மா இருக்கும்வரை விட்டேன். பிறகு குழந்தைமேல் ஊற்றினேன். வீறிட்டது. முதல் தண்ணீருக்கு எந்தக் குழந்தையும் வீறிடும், நான் கண்டுகொள்ளவில்லை. என் காலில் ஊற்றின தண்ணீராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சர்க்கரை வந்ததிலிருந்து என் கால்கள் எதையும் சொல்வதில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் பார்த்தால்தான் தெரியும். கால் ஊமையாகிவிட்டதே என்று நான் கவலைப்பட்டதில்லை. கை இருக்கிறதே என்று இருந்தேன்.

அப்படியே நாட்கள் போயின. குழந்தை தண்ணீர் ஊற்றும் நேரமெல்லாம் அழுதது. அழுது களைத்துத் தூங்காமல், நடுங்கிக்கொண்டே கிடந்தது. நான் சாம்பிராணிப் புகை காட்டித் துணியில் சுற்றிக் கொடுப்பேன். மருமகள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். அணைத்துக்கொண்டு மகளைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

ஒருநாள் குழந்தையின் உதடு ஒரு மாதிரி நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல ஆயா, கொஞ்சம் குளிர் தாங்கல, அவ்ளோதான்" என்றாள் பேத்தி. உடம்பு சில்லென்று இருக்கிறது, இவ்வளவு சின்னக் குழந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் யார் குளிப்பாட்டுகிறீர்கள் என்று அங்கே திட்டியிருக்கிறார்கள். அதை அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வாத்து வந்தது.

மாப்பிள்ளை ஆன்லைனில் வாங்கி அனுப்பினதாகச் சொன்னார்கள். மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. வயிற்றில் சின்னக் கண்ணாடி, அதில் ஏதோ எண் மின்னும். வாளியில் போட்டால் மிதக்கும். இந்தக் காலத்துப் பொம்மை எல்லாவற்றிலும் ஏதாவது மின்னிக்கொண்டுதான் இருக்கிறது, நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. குழந்தைக்குப் பார்வை தெரிய ஆரம்பிக்கும்போது விளையாடட்டும் என்று நினைத்தேன். நானே அதைக் காட்டிக் காட்டிப் பேசினேன். "பாரு கண்ணு, வாத்து வந்துகினு கீது, உன்னையும் கூட்டிகினு போவும்" என்று. அந்த நேரத்தில் பேத்தி குனிந்து வாத்தைப் பார்ப்பாள். அம்மாவைப் பார்ப்பாள். நான் எண்ணெய் எடுக்கத் திரும்பும் நேரத்தில் மருமகள் சத்தம் இல்லாமல் வாளியில் வெந்நீர் சேர்ப்பாள். அடுத்த செம்பு மொள்ளும்போது என் கை எரியும். நான் பச்சைத்தண்ணீர் விடுவேன். அவள் மறுபடி சேர்ப்பாள். ஒரே வாளியில் நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அதில் ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

ஒருநாள் என் கையில் பட்டது நெருப்பாகவே இருந்தது. நான் குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"புள்ளைய வேகவெக்கப் போறீங்களா? உங்களுக்கெல்லாம் கையில சொரண இல்லையா?"

பேத்தி மெதுவாக, "குடு ஆயா, தண்ணி வேணாம், இன்னிக்கு துணிய நனச்சித் தொடச்சிக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன்.

அடுத்த நாளே இரண்டு செய்தி சொன்னார்கள். ஒன்று, குழந்தைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இன்னொன்றைப் பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடிக்காமல், முட்டியைத் தொட்டுச் சொன்னாள்.

"ஆயா, செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நீ மலைக்குப் போய்ட்டு வாயேன். பாப்பாவுக்காக. நீ கும்பிட்டாதான் முருகருக்குக் கேக்கும்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் பேத்தி, பட்டணத்தில் ஆபீசுக்குப் போகிறவள், என்னைச் சாமியிடம் அனுப்புகிறாளே என்று. செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில் மேலே போவேன். அங்கே மொட்டை அடித்துச் சந்தனம் பூசின தலைகளுக்கு நடுவே நின்று, குழந்தைக்கு ஆயுசு கேட்பேன். வியாழக்கிழமை கீரைக்கு மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை அரக்கோணத்திலிருக்கும் என் இரண்டாவது மகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். நான் வீட்டில் இருந்த நாட்களில், குழந்தைக்குச் சளி, இன்றைக்குத் துணியால் துடைத்தால் போதும் என்பார்கள். இத்தனை மரியாதை எனக்கு அதுவரை நடந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மலைப்பாதையில் ஏதோ வேலை நடக்கிறது என்று ஆட்டோவை மேலே விடவில்லை. படியேற என் முட்டி ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்திலேயே சூடம் ஏற்றிவிட்டு, போன ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம். போய்ப் பார்த்தால், எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சிமெண்டுத் தரையில், நான் உட்காருகிற இடத்தில், எதிர்வீட்டுக்காரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கால்மேல் குழந்தை. வாளியில் வாத்து. மருமகள் துண்டோடு நிற்கிறாள். பேத்தி வாத்தைப் பார்த்து, "போதும், போதும், சரியா கீது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குழந்தை அழவில்லை. கண்ணை மூடி, வாயைத் திறந்து, கையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருமகள்தான் என்னை முதலில் பார்த்தாள். "அத்த, மலைக்குப் போவல?"

"போயிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல?"

எதிர்வீட்டுக்காரி எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், "அக்கா, நானா வரல. கூப்டாங்க, வந்தேன்" என்றாள்.

"நீ கூப்ட்டா போற ஆளுதான். உன்ன நான் கேக்கல."

நான் குனிந்து வாளியில் வலது கையை விட்டேன். எரிந்தது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"பாருங்க. கொதிக்குது. இந்தத் தண்ணியத்தான் புள்ள மேல ஊத்திகினு இருக்கீங்க. என்ன வெளிய அனுப்பிட்டு, எனக்குத் தெரியாம, புள்ளைய அவிச்சிகினு இருக்கீங்க."

எதிர்வீட்டுக்காரி தன் கையை விட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் எப்போதும் வாயடிக்கிறவள். அன்றைக்கு ரொம்பத் தணிந்து பேசினாள்.

"அக்கா, வெதுவெதுன்னு கூட இல்ல. ஆறிகினு வருது."

"உன் கை மரத்துப் போயிருக்கும்."

"என் கை மரத்துப் போச்சின்னா புள்ள அழுவணும் இல்லக்கா."

பேத்தி வாத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "ஆயா, இது பொம்ம இல்ல. தண்ணி எவ்ளோ சூடா கீதுன்னு காட்றது. நீ வெளாவன தண்ணிய எல்லாம் இது காட்டிகினுதான் இருந்தது. குழா தண்ணி மாரி இருந்தது ஆயா, அவ்ளோ சில்லுன்னு. பாப்பா ஒதடு நீலமாச்சே, அது அதுலதான்."

நான் அந்த வாத்தைப் பார்த்தேன். அதைக் காட்டி நான் குழந்தைக்குக் கதை சொல்லியிருக்கிறேன்.

"அப்போ என்ன வேவு பாக்கத்தான் அத வாங்கனீங்க."

"ஆயா, அப்படி இல்ல."

"வேற எப்படி?"

அவள் வாத்தைத் தரையில் வைத்துவிட்டு, "ஆயா, அந்தக் கைய வுட்டுட்டு இந்தக் கைய வெச்சிப் பாரு" என்று என் இடது கையைத் தொட்டாள்.

"புள்ள தண்ணியில எடது கைய வெக்கச் சொல்றியா? இதத்தான் பட்டணத்துல கத்துகினு வந்தியா?"

என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் குழந்தையைத் துடைத்து உள்ளே எடுத்துப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி புடவையைப் பிழிந்துகொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

வாளியில் மீதித் தண்ணீர் இருந்தது. இனி அது குழந்தைத் தண்ணீர் இல்லை, செடிக்கு ஊற்றுகிற தண்ணீர். நான் சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். வலது கையை விட்டேன். எரிந்தது. அதை எடுக்காமலே இடது கையையும் விட்டேன்.

இடது கைக்கு அது ஒன்றுமே இல்லை. வாய்க்காலில் சாயங்கால நேரத்தில் கை அலம்பினால் இருக்குமே, அந்த மாதிரி. வலது கைக்கு அடுப்பில் இருக்கும் தண்ணீர். ஒரே வாளி. இரண்டு கையும் என்னுடையது. நான் வலது கையை எடுத்துத் துடைத்து, திரும்பவும் விட்டுப் பார்த்தேன். திரும்பவும் எரிந்தது. நான் நம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. தண்ணீர் நன்றாகவே ஆறிப்போய் இருக்க வேண்டும். வலது கை மட்டும் கொதிக்கிறது கொதிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

புருஷன் போனபோதுகூட நான் அப்படித் தனியாக நின்றதில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் தெருவில் நான் ஒரு ஆளாக இருந்தேன். குழந்தை என்னிடம் அழுதது என்றால், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லத்தான் அழுதது. நான் கையைக் கேட்டேன், குழந்தையைக் கேட்கவில்லை.

மறுநாள் மகனே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். தோல் பார்க்கிற டாக்டரம்மா, சின்ன வயதுப் பெண். பஞ்சால் என் இடது கையைத் தடவினாள், பிறகு வலது கையை. வலது கையில் பஞ்சு பட்டதும் நான் இழுத்துக்கொண்டேன். அவளுக்கு ஆச்சரியம் இல்லை. நான் சொல்லி யாரும் நம்பாததை அவள் கேட்காமலே நம்பினாள்.

"அக்கி தோல்ல வர்றது இல்லம்மா. சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கும், அந்தக் கிருமி நரம்புக்குள்ள படுத்துக் கெடக்கும். வயசான பிறகு எழுந்துக்கும். எழுந்தா அந்த நரம்பு உள்ளயே வீங்கிப் புண்ணாயிடும். மேல தோல் ஆறிடுச்சு. உள்ள நரம்பு ஆறல."

"அதுக்கு தண்ணி ஏன் சுடணும்?"

"நல்லா இருக்கிற நரம்பு கொதிக்கிற தண்ணிக்குத்தான் சத்தம் போடும். வீங்கிப்போன நரம்புக்குப் பதற்றம் ஜாஸ்தி. வெதுவெதுப்புக்கே சத்தம் போடும். துணி பட்டா போடும், காத்து பட்டா போடும்."

"அப்போ என் கை பொய் சொல்லுது."

அவள் யோசித்தாள். "உங்களுக்கு வலிக்கிறது நெஜம்மா. தண்ணி சுடுதுன்றதுதான் நெஜம் இல்ல."

மாத்திரை கொடுத்தாள். அக்கி வந்த அன்றே வந்திருந்தால் இவ்வளவு ஆகாமல் பார்த்திருக்கலாம் என்றாள். இனி மெல்ல மெல்லத்தான் குறையும், சிலருக்கு முழுசாகக் குறைவதில்லை என்றாள். பானைக்காரப் பெரியவர் எழுதின சிங்கத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. சிங்கம் தோலைத்தான் காவல் காத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பேத்தியைக் கூப்பிட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"வாத்து வந்த நாள்ல இருந்து ஆயா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"நம்பியிருக்க மாட்டேன். சண்ட போட்டிருப்பேன். உங்கம்மாவ திட்டியிருப்பேன். அப்பவும் நீ சொல்லியிருக்கணும்."

"உன் மனசு ஒடஞ்சிடும்னுதான் ஆயா."

"மனசு ஒடையறதுன்னா இன்னான்னு தெரியுமா? மலை மேல நின்னுகினு, இந்தப் புள்ளைக்காக நான் கும்பிட்டுகினு இருந்தேன். கீழ நீங்க மூணு பேரும், அப்பாடா கெழவி போயிட்டான்னு, வாளிய எடுத்துகினு இருந்தீங்க. சாமி பேர சொல்லி இல்ல என்ன அனுப்பன?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. குழந்தை பாலை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

அதற்கப்புறம் பல நாள் நான் பின்பக்கமே போகவில்லை. எதிர்வீட்டுக்காரி வருவாள், போவாள். எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது, அந்த மட்டுக்குச் சந்தோஷம். பிறகு ஒருநாள் மருமகள் வந்து நின்றாள்.

"அத்த, நீங்க வந்து உக்காருங்க. தண்ணிய நான் வெளாவறேன். நீங்க ஊத்துங்க போதும். புள்ள உங்க கால்ல கெடக்கணும்."

எதிர்வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. போய் உட்கார்ந்தேன். குழந்தையைக் காலில் போட்டார்கள். மருமகள் விளாவினாள், பேத்தி கையை விட்டுப் பார்த்து, "நல்லா கீது ஆயா" என்றாள். வாத்தைக் கொண்டு வரவேண்டாம் என்று நான் முன்னாடியே சொல்லியிருந்தேன்.

செம்பை எடுத்து மொண்டேன். கை எரிந்தது. எரிகிறதை இந்தப் பச்சைக் குழந்தைமேல் ஊற்ற வேண்டும். ஊற்றலாம் என்று சொல்கிறவர்கள், என்னிடம் பொய் சொன்னவர்கள். ஊற்றாதே என்று சொல்லும் கை, அதுவும் பொய் சொன்னது. இரண்டில் எதை நம்புவது? செம்பைப் பிடித்தபடியே இருந்தேன். "ஊத்து ஆயா" என்றாள் பேத்தி. "ஆங், ஊத்தறேன்" என்றேன். ஊற்ற முடியவில்லை. கை குழந்தைக்கு நேராகப் போய்த் திரும்பி வந்துவிட்டது.

"நீயே ஊத்து. உன் புள்ள, நீ ஊத்து. நான் கால்ல வெச்சிக்கறேன்" என்று செம்பை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. குழந்தை என் கால்மேல் கிடக்கிறது, என் காலுக்கு அது தெரிவதில்லை. நான் எண்ணெய் தடவி இடது கையால் தாங்கிக்கொள்கிறேன். பேத்தி ஊற்றுகிறாள். தண்ணீர் தெறித்து வலது கையில் பட்டால் சுரீர் என்கிறது, நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறேன். அது சிரிக்கிறது, அல்லது கொட்டாவி விடுகிறது. அப்போது தண்ணீர் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தெருவில் இப்போது பிள்ளை பிறந்தால் எதிர்வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுகிறார்கள். போகும்போது என் வாசலில் நின்று, "போய்ட்டு வரட்டுமாக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.

டாக்டரம்மாவின் மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. துணி உரசினால் முன்போல இல்லை. கை மேல் எனக்குக் கோபம் குறைந்திருக்கிறது. அதற்கு நோய், அது என்ன செய்யும். இவர்களுக்கு என்ன நோய் என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. நல்லதுக்குத்தான் செய்தார்கள், குழந்தை பிழைத்தது, எல்லாம் சரி. அடுத்த முறை என்னிடம் ஏதாவது சொன்னால் அது எந்த மாதிரிச் சொல் என்று நான் எதை வைத்துப் பார்ப்பேன்.

இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையை உதறுகிறாள். குழந்தை உள்ளே தூங்குகிறது.

"எழுதிட்டியா எல்லாத்தையும்?"

"எழுதிட்டேன் ஆயா."

"மலைக்கு அனுப்பனது?"

"அதுவும்தான்."

"நான் திட்டனது?"

"எழுதிட்டேன்னு சொல்றேன் இல்ல."

"நீ சொல்ற. சரி, மொதல்ல இருந்து படி. மெதுவா படி, நான் கேட்டுகினு இருக்கேன்."